ஜெபமலரின் போனில் எத்தனை மணி

"ஆஷா, உன் போன்ல எத்தனை மணின்னு கெடக்கு?"

பக்கத்து மேசை ஆஷா நிமிராமலே, "மூணு மணி தன்னே சாரே" என்கிறாள். தாணுமாலையனுக்கு அது போதாது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, கீழே லாட்டரிச் சீட்டு விற்கும் பத்மகுமாரின் போனிலும் பார்த்துவிட்டு வருகிறார்.

வலியசாலைக்காரர், ஐம்பத்து மூன்று வயது. கிழக்கு மலையிலுள்ள அணையின் ஷட்டர் எப்போது திறக்கும், எந்தக் கரையில் தண்ணீர் ஏறும் என்ற விவரத்தை இணையத்தில் ஏற்றுவது அவர் வேலை. அவர் தட்டும் இடமும் நேரமும் அப்படியே ஆற்றோரத்து ஜனங்களின் போனுக்குப் போய்விடும். ஒற்றை விரலால்தான் தட்டுவார். ஒவ்வோர் எண்ணுக்கும் உதடு அசையும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சந்தேகம் வந்து, தயிர்க் கையோடு திரை முன்னால் வந்து நிற்பதும் உண்டு.

முன்பெல்லாம் நாலு அறிவிப்பை ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு டீக்குப் போய்விடுவாராம். அவரைப் பற்றி எழுதப் போன என்னிடம் ஆஷா சொன்னாள்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஆனி மாதத்தில் ஒருநாள், காலை ஆறரைக்கு ஷட்டர் திறப்பதாக ஏற்றினார். இந்திய நேரம் என்பதற்கான குறியைப் போட மறந்துவிட்டார். கணினி அதை கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொண்டு ஐந்தரை மணியைக் கூட்டியது. ஜனங்களின் போனில் பகல் பன்னிரண்டு என்று வந்தது. அதை நம்பி ஜெபமலர் என்ற பெண் ஏழு மணிக்கு ஆட்டுக்குப் புல்லறுக்க ஆற்றின் நடுத்திட்டுக்குப் போனாள். தண்ணீர் வந்துவிட்டது. மூங்கில் புதரைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கழுத்தளவு நீரில் நின்றவளைக் கயிறு போட்டு இழுத்தார்கள்.

தாணுமாலையன் ஆஸ்பத்திரிக்குப் போய், தப்பு தன்னுடையது என்று சொன்னார். அவள் திட்டவில்லை.

"நான் நேரம் பாத்துட்டுத்தான் சார் எறங்குனேன்."

இதை என்னிடமே மூன்று தடவை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வோர் அறிவிப்புக்கும் அவளைக் கூப்பிட்டு, போனில் எத்தனை மணி வந்திருக்கிறது என்று கேட்காமல் அவருக்கு இருப்புக் கொள்வதில்லை.

நான் போயிருந்த அன்று அவள் எடுக்கவில்லை. மணி இரண்டே கால். மறுபடி கூப்பிட்டார், மணி மட்டும் அடித்தது. ஜன்னலருகே போய் நின்றார். கிழக்கே மழை கறுத்துக் கிடந்தது. "திட்டுல நிப்பாளோ" என்றார், யாரிடமும் அல்லாமல். இரண்டே முக்காலுக்கு ஆஷா பஞ்சாயத்து மெம்பரின் நம்பரைத் தேடத் தொடங்கினாள். அதற்குள் ஜெபமலரே கூப்பிட்டுவிட்டாள். போனைச் சார்ஜில் போட்டிருந்தாளாம். தகரக் கூரையில் மழைச் சத்தம், கேட்கவில்லையாம். வீட்டில்தான் இருக்கிறாள். ஆடுகளும் கொட்டிலில். அவள் போனிலும் ஷட்டர் திறப்பது மூன்று மணி என்றுதான் இருக்கிறது.

"செரி, செரி" என்றார் தாணுமாலையன். ஆனால் போனை வைக்கவில்லை. என் பக்கம் நீட்டினார்.

"நீங்களும் ஒருக்கா கேளுங்க."