பன்னிரண்டாவது நாற்காலி

பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயரைச் சொன்னால் வீண் வம்பு, ஆகவே வேண்டாம். அங்கே மேல் பிரிவில் ஒரு மாதா கோயில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் ஒரு காய்ச்சல் வரும். மருந்துக்கு அடங்காது, பெரிய வியாழக்கிழமை முடிந்தால்தான் இறங்கும்.

இயேசு கடைசி இராவுணவின்போது சீடர்களுடைய காலைக் கழுவினார் அல்லவா, அதை நினைத்து அன்றைக்குச் சாமியார் பன்னிரண்டு ஆட்களை வரிசையாக உட்கார வைத்து அவர்கள் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டில் ஒன்றாக உட்காருவதற்கு நடக்கிற இழுபறியைப் பார்த்தால், தோட்டக் கமிட்டித் தலைவர் தெரிவெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு. முதல் நாற்காலி பெரிய கங்காணிக்கு. இரண்டாவது தலைவருக்கு. மூன்றாவது கடைக்காரருக்கு, அவர் அந்த வாரம் முழுக்கக் கடனுக்கு முகம் சுளிக்காமல் சாமான் கொடுப்பார். இவர்கள் எல்லாரும் வீட்டிலேயே காலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, சிலர் பவுடரும் பூசிக்கொண்டு வருவார்கள். பாவம், சாமியாருக்குக் கழுவ எதையும் மிச்சம் வைப்பதில்லை.

ஆனால் சண்டையெல்லாம் பதினொரு நாற்காலிக்குத்தான். பன்னிரண்டாவதில் யாரும் உட்கார மாட்டார்கள். அது இயேசுவைக் காட்டிக் கொடுத்த யூதாசுடைய நாற்காலி.

வேதத்தில் அப்படி எங்கேயும் எழுதியில்லை. ஆனால் மேல் பிரிவில் அதை மாற்றிச் சொல்ல ஆளில்லை. ஒரு வருடம் கந்தப்பன் அதில் உட்கார்ந்தார். ஆடி மாத மழையில் அவருடைய பசு சறுக்கி ஆற்றில் விழுந்தது. அடுத்த வருடம் உட்கார்ந்தவரின் மகள் திம்புள்ளப் பக்கத்துப் பையனோடு ஓடிப் போனாள். அவள் அதற்கு முந்திய மார்கழியிலேயே பெட்டி கட்டி வைத்திருந்தது வரிசை வீட்டு லயத்துக்கே தெரியும். இருந்தாலும் பழி நாற்காலிக்குத்தான். அதற்குப் பிறகு கோயில் உபதேசியார் முத்துலிங்கம் ஒவ்வொரு வருடமும் விஷயம் தெரியாத வெளியாளாகப் பார்த்துப் பிடித்து அதில் உட்கார வைப்பார். கொழுந்து லொறி டிரைவர், விருந்துக்கு வந்த யாராவது ஒரு மச்சான், இப்படி.

இந்த வருடம் அதற்கும் வழியில்லாமல் போனது. புதுச் சாமியார் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு பேரும் இந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களாகவே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். முத்துலிங்கம் இரண்டு நாள் தலையைச் சொறிந்தார். மூன்றாம் நாள் அவருக்கு அழகுமுத்துவின் ஞாபகம் வந்தது.

அழகுமுத்து அந்தப் பிரிவின் வாசக்கூட்டி. லயத்து வாசலைக் கூட்டுவது, தண்ணி ஓடுகிற கான் வெட்டுவது, கக்கூஸ் குழி அடைத்தால் திறந்துவிடுவது எல்லாம் அவர் வேலை. அப்பா செய்த வேலை அது. அவருக்கு முன்னால் தாத்தா. கூட்டுமாறும் மண்வெட்டியும் அவர்கள் வீட்டில் சொத்து மாதிரி இறங்கி வந்தன. யாராவது தேத்தண்ணி கொடுத்தால் அவருக்கென்று வைத்திருக்கிற பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றி மதில்மேல் வைப்பார்கள். கையில் தர மாட்டார்கள். ஐம்பது தாண்டிய மனிதரை ஆறு வயதுப் பிள்ளையும் பேர் சொல்லித்தான் கூப்பிடும்.

அவர் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தது செபமாலையைக் கலியாணம் கட்டியதால். செபமாலை தேயிலை பறிக்கிற கொழுந்துக்காரி, வாயும் கொஞ்சம் நீளம், வேதமும் நன்றாகத் தெரியும். ஞானஸ்நானத்துக்குப் படிக்கிறபோது, கடவுள் மனுசனைத் தன்னுடைய சாயலில் உண்டாக்கினார் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அழகுமுத்து வீட்டுக்கு வந்து கண்ணாடியில் வெகுநேரம் முகத்தைப் பார்த்தார். கடவுளுக்கும் இப்படிச் சப்பை மூக்கா என்று செபமாலையிடம் கேட்டார். சாயல் மூஞ்சியில் இல்லை, உள்ளே இருக்கிறது என்று அவள் சொன்னாள். உள்ளே என்றால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் விட்டுவிட்டார். கோயிலில் கதவோரமாக இருந்த கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே உட்காரச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை.

பெரிய வியாழனுக்கு முந்திய குருத்து ஞாயிறு பூசை முடிந்து முத்துலிங்கம், லயத்துக் கடைசியில் இருந்த அழகுமுத்துவின் தொங்கல் காம்பராவுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடியே சொன்னார்.

"இந்த வருசம் பன்னெண்டு பேர்ல நீயும் ஒரு ஆளு. வெள்ள சாரம் கட்டிக்கிட்டு நேரத்தோட வந்துரு."

அழகுமுத்துவுக்கு நம்ப முடியவில்லை. எந்த நாற்காலி என்று கேட்கவும் தோன்றவில்லை. கடைசி வாங்கில் இருக்கிறவனுக்கு முன்வரிசைக் கணக்கு எப்படித் தெரியும்? தன் காலை இன்னொரு மனுசன் தொடப் போகிறான், அதுவும் சாமியார், அதுவும் எல்லார் கண்ணுக்கும் முன்னால். அவர் மனதில் அது மட்டும்தான் நின்றது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கால் பூசை தொடங்கியது. தினம் வேலை முடிந்து வந்து சுடுதண்ணியில் உப்புப் போட்டுக் காலை ஊற வைப்பார். செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்ப்பார். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய், நகத்துக்குத் தேசிக்காய். கலியாணத்துக்குக்கூட இப்படித் தேய்க்கவில்லையே என்று செபமாலை கேலி செய்தாள். ஆனால் தண்ணி சுட வைத்தது அவள்தான்.

புதன்கிழமை பீலியில் விழுகிற தண்ணியைப் பிடிக்கப் போனவள் பாதி வாளியோடு திரும்பி வந்தாள். பீலியடியில் காளியாயிதான் முதலில் வாயைத் திறந்திருக்கிறாள். யூதாசுக்கு இந்த வருசம் சொந்த ஊரிலேயே மாப்பிள்ளை கிடைத்துவிட்டார் என்று. மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். இந்த நாற்காலிக் கதையைச் செபமாலையின் காதுவரை யாரும் கொண்டு வந்ததில்லை. அவள் புரியாமல் கேட்க, பசுவின் கதையும் ஓடிப்போன மகளின் கதையும் வெளியே வந்தன.

அவள் வாளியை வைத்த வைப்பில் தண்ணி அடுப்புவரை தெறித்தது. முத்துலிங்கத்தை, அவர் பெண்சாதியை, அவர்களுடைய மூன்று தலைமுறையை அவள் வரிசையாகத் திட்டினாள். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கடைசியில், நாளைக்குக் கோயில் பக்கமே போகக் கூடாது என்று சொன்னாள்.

அழகுமுத்து சுடுதண்ணியில் இருந்து காலை எடுத்தார். துடைத்துக்கொள்ளவில்லை. போகவில்லை என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்த செபமாலை திட்டுவதை விட்டுவிட்டு, சிந்திய தண்ணியைத் துடைக்கத் தொடங்கினாள். மதில்மேல் வைக்கிற தேத்தண்ணிக்குக் கோபப்படாத மனுசன் அவர். அது பழகிப்போனது. ஆனால் இதை மரியாதை என்று நினைத்து நான்கு நாள் காலைத் தேய்த்துவிட்டாரே.

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கை கழுவும்போது அவர் கேட்டார்:

"ஏன் புள்ள, அன்னைக்கு யூதாசு கால சாமி கழுவுனாரா, இல்ல அவன மட்டும் தாண்டிப் போயிட்டாரா?"

செபமாலைக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. ஆனால் வேதத்தில் பொய் சொல்ல முடியாதே.

"கழுவுனாரு."

"அவன் காட்டிக் குடுக்கப் போறது தெரியாமலா?"

"தெரிஞ்சுதான். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கழுவுனாரு."

அவர் கையைச் சாரத்தில் துடைத்தார்.

"அப்ப அந்த நாக்காலிகிட்டயும் அவரு வந்துதான் போயிருக்காரு. நான் அதுல உக்காந்தா என்னா? முத்துலிங்கம் குடுத்த எடமுன்னு நெனச்சாத்தான் வெக்கம்."

செபமாலை மறுபடியும் அடுப்பில் தண்ணி வைத்தாள்.

வியாழக்கிழமை பின்னேரம் இடியோடு மழை. பங்குனி, சித்திரை மழை எப்படி என்று மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்; வானத்தில் யாரோ அண்டாவைக் கவிழ்த்த மாதிரி. அழகுமுத்து வெள்ளைச் சாரத்தைக் கட்டி, பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது ஆள் வந்துவிட்டது. பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் கான் அடைத்து, கக்கூஸ் குழித் தண்ணி மேலே வருகிறதாம். பிள்ளை பார்க்கிற ஆயம்மா பிள்ளைகளை மேசைமேல் ஏற்றி வைத்திருக்கிறாளாம்.

இன்றைக்காவது வேறு யாரையாவது பார்க்கச் சொல்லும்படி செபமாலை கெஞ்சினாள். அவர் சாரத்தை அவிழ்த்து மடித்து வைத்தார்.

"புள்ளைங்க தவழ்ற எடம் அது. நான் போகாட்டி யாரு போவா? கங்காணி போவாரா?"

மண்வெட்டியால் ஆகவில்லை. படுத்து, கையை உள்ளே விட்டுத்தான் இழுக்க வேண்டியிருந்தது. சாக்குத் துண்டு, தேயிலை வேர், யாருடையதோ ஒரு செருப்பு. அடைப்பு விட்டுத் தண்ணி இறங்கியபோது கோயில் மணி இரண்டாம் தரமும் அடித்துவிட்டது. பீலியில் உடம்பைக் கழுவி, சாரத்தை மாற்றி, கோயில் படியேறும் குறுக்குப் பாதையில் ஓடினார். மழையில் அந்தப் பாதையே சேறாக இருந்தது. நான்கு நாள் தேய்த்த கால் நான்கு நிமிடத்தில் பழைய காலாகிவிட்டது. நகத்துக்குள் கறுப்பு, விரலிடுக்கில் சேறு, கணுக்காலில் அட்டை கடித்து இரத்தம் வேறு.

உள்ளே சாமியார் பதினோராவது ஆளின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேசினில் தண்ணி குடிக்கிற தண்ணி மாதிரித் தெளிவாக இருந்தது. பன்னிரண்டாவது நாற்காலி காலி. கதவடியில் நின்ற முத்துலிங்கம் ஓடி வந்த அழகுமுத்துவின் காலைப் பார்த்தார். வெளியே போய்க் கழுவிக்கொண்டு வரும்படி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அழகுமுத்துவும் திரும்பிப் போகத்தான் பார்த்தார். அதற்குள் சாமியார் நிமிர்ந்து அவரைக் கண்டுவிட்டார். கையால் வரச் சொன்னார்.

கடைசி வாங்கில் இருந்து நாற்காலிவரை அவர் நடந்த இடமெல்லாம் சேற்றுத் தடம். உட்கார்ந்ததும் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

சாமியார் முழங்காலில் இருந்தார்.

"காலைத் தாங்கோ, அண்ணன்."

அழகுமுத்துவுக்கு ஒரு கணம் யாரைச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

"சாமி, அழுக்குங்க."

"அதுக்குத்தானே நான் வந்தனான்."

அவர் காலை நீட்டினார். சாமியார் தண்ணி ஊற்றினார். பேசின் ஒரே ஊற்றலில் கறுத்தது. இன்னொரு குடம் கொண்டுவரச் சொல்லிவிட்டு, உடுப்புக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, விரலால் தேய்த்தார். அன்றைக்குத்தான் அந்த மனுசனுக்கு வேலை கிடைத்தது. அட்டைக் கடியில் தண்ணி பட்டதும் அழகுமுத்துவின் கால் ஆடியது. சாமியார் மெதுவாகப் பிடித்துக்கொண்டார். ஒரு கால் முடிந்து துவாயை எடுத்தபோது, அழகுமுத்து குனிந்து, கான் வேலையில் கூட நிற்கிற ஆளிடம் சொல்கிற மாதிரி, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சாமி, சுண்டு வெரல் இடுக்குல இன்னும் இருக்குங்க."

சாமியார் துவாயை வைத்துவிட்டு மறுபடியும் கழுவினார். பெண்கள் பக்கத்தில் செபமாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று கேட்டவர்களுக்கு அவள் இன்றுவரை பதில் சொல்லவில்லை. கழுவிய காலைச் சாமியார் முத்தமிட்டபோது, முதல் நாற்காலியில் இருந்த பெரிய கங்காணி தன் பவுடர் பூசிய காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு உண்டு.

மறுநாள் பெரிய வெள்ளி. அன்றைக்குக் கோயிலில், சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தைக் கிடத்தி வைத்திருப்பார்கள். சனம் வரிசையில் போய் இயேசுவின் பாதத்தை முத்தி செய்யும், முத்தமிடுவதை அப்படித்தான் சொல்வார்கள். அழகுமுத்து எப்போதும் எல்லாரும் முடித்த பிறகுதான் போவார். தன் வாய் பட்ட இடத்தில் யாரும் வாய் வைக்கச் சங்கடப்படக் கூடாது என்று அவராக வைத்துக்கொண்ட ஒழுங்கு அது.

அன்றைக்கு அவர் காத்திருக்கவில்லை. வாங்கை விட்டு எழுந்து, வரிசையின் நடுவில் இடைவெளி தெரிந்த இடத்தில் போய் நின்றார். கை கட்டவில்லை. குனியவுமில்லை. அவருக்குப் பின்னால் நின்றது யாரென்று பார்த்தால், முத்துலிங்கத்தின் பெண்சாதி கமலேஸ்வரி. அவள் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வரிசை கதவைத் தாண்டி நின்றது, இனி விலகினால் ஊருக்கே தெரியும்.

அழகுமுத்து முழங்காலிட்டார். ஆணி அடித்த அந்தக் காலை, நேற்றுச் சாமியார் தன் காலைப் பிடித்தது போலவே இரண்டு கையாலும் பிடித்து, அவசரப்படாமல் முத்தமிட்டார். பிறகு எழுந்து ஒதுங்கி, பின்னால் நின்றவளுக்கு இடம் விட்டார்.

கமலேஸ்வரி சுரூபத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு முழங்காலிட்டாள். முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் முத்தமிட்டாள் என்று காளியாயி சொல்கிறாள். துடைக்கக் கையெடுத்தவள் துடைக்காமலே குனிந்தாள் என்று பக்கத்தில் நின்ற வேலாயி சத்தியம் செய்கிறாள். பீலியடியில் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அழகுமுத்துவிடம் கேட்டால், திரும்பிப் பார்க்கவில்லை என்கிறார். நடு வாங்கில் இடம் இருந்ததாம், போய் உட்கார்ந்துவிட்டாராம்.