பெரட்டு என்ற ஒரு சொல்

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு டைப்ரைட்டர் கடையில் வேலை பார்த்தேன். பக்கத்துச் சந்தில் இருந்த பழைய புத்தகக் கடையில்தான், அட்டை கிழிந்த ஓர் ஆங்கில மொழியியல் நூல் என் கையில் சிக்கியது. சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதி தலைக்கேறியது. எந்த ஊர்ப் பேச்சுக்கும் இலக்கணம் உண்டு, மட்டமான பேச்சு என்று ஒன்று கிடையாது என்றது நூல். எனக்கு ஏற்கெனவே வாய் நீளம். பிறகு கேட்க வேண்டுமா?

அந்த வருஷம்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையோடு அவருடைய அக்காவும் வந்திருந்தார், தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது, மறைப்பானேன். அக்காவிடமும் நல்ல பெயர் வாங்கலாம் என்று, "ஒங்க ஸ்கூல்ல காலையில எத்தன மணிக்கு அக்கா பெரட்டு?" என்று கேட்டுவைத்தேன்.

விடியுமுன் பால் மரம் வெட்டப் போகிறவர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் தோட்டத்தில் பெரட்டு. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதும் எனக்கு அதுவேதான்.

அக்காவின் முகம் சுருங்கியது. "அது சபைகூடல்மா. பெரட்டுன்னுலாம் தோட்டத்துல சொல்றது. இந்தப் பேச்ச மட்டும் மாத்திக்கிட்டா எங்களுக்குச் சம்மதம்."

எனக்கு முன்பே அம்மா தலையாட்டிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் நூலை எடுத்துவந்து மேசையில் வைத்தேன்.

"ஒசத்திப் பேச்சு, மட்டமான பேச்சுன்னு இதுல எங்கயும் இல்லக்கா. நான் மாத்த மாட்டேன்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா எழுந்து காருக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை மட்டும் உட்கார்ந்து நூலைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிடித்த மனுஷன் கைநழுவிப் போகிறாரே என்றிருந்தது. ஆனாலும் சொன்னதை விழுங்க மனம் வரவில்லை.

"தம்பி, வாரியா இல்லியா?" வெளியிலிருந்து அக்காவின் குரல் இரண்டாம் தடவை வந்தது.

"இரு அக்கா, வாரேன்லா! பெரட்டுக்குக் கூப்புடுற மாரியே கூப்புடுற!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று மாப்பிள்ளைக்கே உறைத்தது. காது சிவந்துபோனது.  காரிலிருந்து அக்கா சிரிப்பது கேட்டது. அவர்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை நூலை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"படிச்சுட்டுக் குடுங்க" என்றேன்.

கல்யாணம் முடிந்து, அவர் வீட்டு அலமாரியில்தான் அது மறுபடி என் கைக்குக் கிடைத்தது.