மாடி இல்லாத வீட்டுக்கு மாடி வரி

வெல்டிங்காரர் மாடியில் ஓர் அறை கட்டினார். அதிகாரி வந்து அளந்துவிட்டுப் போனார். ஆனால் அந்த வருஷமும் சொத்துவரி பழைய தொகையிலேயே வந்தது.

"பேசாம இருங்க. வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க" என்றாள் மனைவி.

அவரால் இருக்க முடியவில்லை. பயம் இல்லை, குடைச்சல்தான். ஏறாமல் எப்படி இருக்கும்? மறுநாளே வரி அலுவலகத்துக்குப் போனார். குமாஸ்தா பழைய பதிவேட்டைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், நீங்க கட்டுறது பின் தெரு வீட்டுக்கு. அவங்க கட்டுறது உங்க வீட்டுக்கு. கதவு எண் மாத்தினப்போ குழப்பிட்டாங்க. பத்தொன்பது வருஷம் ஆச்சு."

வெல்டிங்காரர் நேரே பின் தெரு வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு நர்ஸ் தனியாக இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அதானே பாத்தேன்! மாடியே இல்லாத வீட்டுக்கு மாடி வரி போட்டிருக்காங்கன்னு மனு எழுதி வச்சிருக்கேன், அண்ணே."

பேசிக்கொண்டிருந்தபோதே வெல்டிங்காரரின் கண் சுவரில் படர்ந்திருந்த ஈரத்துக்குப் போனது. இத்தனை வருஷம் இந்த வீட்டுக்கு வரி கட்டியிருக்கிறோம், இப்படியா விட்டுவைப்பார்கள் என்று சுருக்கென்றது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

"உங்க வீட்ட நான் ஒரு தடவ வந்து பாக்கலாமா?" என்று கேட்டார் நர்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அறை அறையாகப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார். புது அறையில் ஜன்னலோரம் நின்றுகொண்டு, "காத்து பிச்சுக்கிட்டு வருது. என் வரி வீண் போகல" என்றார்.

கீழே இறங்கும்போது இருட்டிவிட்டது. நர்ஸ் சுவரைத் தடவி ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டினார். விசிறி சுற்றியது, வாசல் மணி அடித்தது, விளக்கு மட்டும் எரியவில்லை. வெல்டிங்காரரின் மனைவி சமையலறையிலிருந்து வந்து, பார்க்காமலே கையை நீட்டி விளக்கைப் போட்டாள்.

"வீடு யாருதுன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு" என்றார் நர்ஸ்.

அலுவலகம் பெயர்களை மாற்றிக் கொடுத்தது. நர்ஸ் கூடுதலாகக் கட்டியிருந்த தொகையை வெல்டிங்காரர் அவருக்குக் கொடுத்துவிட்டார். புது ரசீதை முதன்முறையாக வரி விடாமல் படித்தார். அதில் வீட்டின் நீளம் இரண்டடி குறைவாகப் போட்டிருப்பதுபோல் தோன்றியது.

"மறுபடியும் கிளம்பிடாதீங்க" என்றாள் மனைவி.

"கிளம்பல. அந்த டேப்பப் பிடி, சும்மா அளந்து பாப்போம்."