ஆறு கொய்யா இலைகள்

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது எங்கள் தோப்புக்கு வெள்ளை ஈ வந்தது. ஆனைமலைப் பக்கம் தென்னை வைத்திருந்த அத்தனை பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்ட அந்த வருடத்தில், சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

ஈ என்று பெயரே தவிர, அது அரிசி நொய் அளவுதான் இருக்கும். தென்னை ஓலையின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அது கழிக்கிற இனிப்புத் தண்ணீர் கீழே இருக்கிற இலைகளின் மேல் சொட்டும். சொட்டின இடத்தில் கரி பூசியது போலக் கருப்பாகப் பூஞ்சணம் பிடித்துக்கொள்ளும். வாழை, கொய்யா, கருவேப்பிலை என்று ஒன்றையும் விடவில்லை. தோப்பில் நிறுத்தியிருந்த அப்பாவின் மொபெட் சீட்டுகூடக் கருத்துப் போயிற்று.

ஒரு நாள் கணக்கு நோட்டைத் தோப்பில் விரித்துப்போட்டுவிட்டு, கவனிக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் பின்னக் கணக்குகளுக்கு நடுவே ஓர் இலை, நரம்பு நரம்பாக, கருப்பில் பதிந்திருந்தது. கணக்கு நோட்டில் நான் அதுவரை அவ்வளவு அழகாக எதுவும் செய்ததில்லை. மையை யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, எங்கள் தோப்பில் அது தானாகவே விளைகிறது என்று அன்றைக்குக் கண்டுபிடித்தேன்.

அதன் பிறகு ஒரே சோதனைதான். வெறும் கருப்பு, காகிதத்தில் ஒட்டாமல் உதிர்ந்தது. அப்பா, விவசாய ஆபீசில் சொன்னார்கள் என்று மைதா மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி மரங்களுக்கு அடித்துக்கொண்டிருந்தார். அது காய்ந்து உரியும்போது கருப்பும் சேர்ந்து உரிந்துவிடுமாம். நான் அதில் ஒரு டம்ளர் திருடி, ஸ்பூனால் சுரண்டிய கருப்பைக் குழைத்து மை ஆக்கினேன். அப்பா கருப்பைப் போக்க வைத்திருந்த கஞ்சி, அதைக் காகிதத்தில் நிறுத்த எனக்கு உதவியது. இலையில் மையைத் தொட்டுத் தடவி, காகிதத்தை மேலே வைத்து, குழம்புக் கரண்டியின் முதுகால் தேய்ப்பேன். பூசணி இலை தன் முடியைக்கூடக் காட்டிக்கொடுத்தது. செத்த தட்டானின் இறக்கை இரண்டு தடவைக்குத் தாங்கியது. பொன்வண்டு மட்டும் பிடிவாதமாக வெறும் கறையாகவே விழுந்தது.

எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது கொய்யா இலையின் அடிப்பக்கம். வெள்ளை ஈ அங்கேதான் முட்டை வைக்கும், மெழுகு போன்ற வெள்ளைப் பொடியால் வட்ட வட்டமாகச் சுழித்துக்கொண்டே வைக்கும். மை அந்த மெழுகில் ஒட்டாது. அச்செடுத்தால் கருப்பு இலைக்குள் வெள்ளை வளையங்கள் கோலம் போல நிற்கும். ஒரே ஒரு சிரமம்: வாடின இலையில் அந்த மெழுகு உதிர்ந்துவிடும். ஈ உயிரோடு குடியிருக்கிற பச்சை இலையாகவே பறிக்க வேண்டும்.

அச்சடித்தவற்றைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அப்பா அண்ணாந்து மரத்தைப் பார்த்தபடியே இருந்தார். அம்மாவிடம் காட்டினால், “அந்த எழவுப் பூச்சியப் பேப்பர்லயும் பார்க்கோணுமாக்கும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிச்சம் இருந்தது என் மாமன் மகன். அவனுக்கு ஐந்து வயது, நான் எதைக் காட்டினாலும் வாயைப் பிளப்பான். எந்தக் கலைஞருக்கும் அதற்கு மேல் என்ன வேண்டும்?

அம்மாவின் அண்ணன் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் இருந்தார். வாய்க்கால் பாசனத்தில் வாழை, வரப்போரமாகவும் கிணற்றைச் சுற்றியும் தென்னை. அந்த மரங்கள் ஒவ்வொன்றும் அவர் குழி வெட்டி வைத்தது. அங்கே இன்னும் பூச்சி வரவில்லை. ஒரு முறை எங்கள் தோப்பைப் பார்க்க வந்தவர், பஸ் ஏறுவதற்கு முன் சட்டையைக் கழற்றி உதறி உதறிப் போட்டுக்கொண்டார். அவர் ஊரில் மாரியம்மன் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, வந்தபோது அப்பாவுக்குப் போன் செய்தார்.

“கோவிச்சுக்காதீங்க மாப்ள. வாரப்ப ஒண்ணுங் கொண்டார வேண்டாமுங்க. ஒரு தேங்கா, ஒரு எல, ஒரு சீமாறுகூட வேண்டாம்.”

அப்பா கோபித்துக்கொண்டார். தன் தோப்புத் தேங்காயை வேண்டாம் என்று சொன்னவன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று இருந்துவிட்டார். அம்மா பிறந்த வீட்டு நோம்பியை விடுவதாக இல்லை. என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியில் கோயமுத்தூரில் பஸ் மாறும்போது மிக்சரும் ஆரஞ்சும் வாங்கினாள். பையைத் தூக்கிப் பார்த்து, இது ஒரு கை கனம்கூட இல்லையே என்று குறைப்பட்டாள். என் பையில் ஒரு மருந்து பாட்டில் நிறைய மை; பள்ளிக்கூட டிபன் பாக்ஸில், ஈரத்துணியில் சுற்றி, ஆறு கொய்யா இலைகள் இருந்தன.

மாமா சொன்னது எனக்குத் தெரியாமல் இல்லை. போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார்கள். அதெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொள்கிற பெரிய விஷயம், என்னுடைய இலைகள் வேறு கணக்கு என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலையில் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நானும் மாமன் மகனும் கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லை எங்கள் பட்டறை ஆக்கினோம். ஈரத்துணியைப் பிரித்தபோது உள்ளே இருந்து நாலைந்து வெள்ளை ஈக்கள் எழுந்து பறந்தன. அவன் கை தட்டினான். நானும் சிரித்தேன். ஆறு இலைகளுக்கு ஆறு அச்சு எடுத்தோம். அவ்வளவு தெளிவாக எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இலைகளை வாழைக்கு அடியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினோம்.

மூன்று மாதம் கழித்து மாமாவிடமிருந்து போன் வந்தது. கிணற்றோரத்துத் தென்னையில் வெள்ளை வளையம் விழுந்திருக்கிறது, பக்கத்தில் வேறு எந்தத் தோட்டத்திலும் இல்லை என்றார். நோம்பிக்கு வந்தபோது ஏதாவது கொண்டுவந்தாயா என்று அம்மாவைக் கேட்டார்.

“மாரியாத்தா மேல சத்தியமா ஒண்ணுங் கொண்டாரலீங்ணா,” என்றாள் அம்மா.

“அப்பப் பூச்சி பஸ் ஏறி வந்துச்சா கண்ணு?”

போனை வைத்த மாமா அதன் பிறகு அம்மாவோடு பேசவே இல்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவின் சத்தியத்துக்கு முன்பே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சத்தியம் செய்த பிறகு திறந்தால் அம்மாவைப் பொய்யாக்கிவிடுவோம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அடி வாங்கப் பயம்.

சில நாட்களுக்குப் பிறகு, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆனைமலை பஸ் ஸ்டாண்டில் மாமா நின்றிருந்தார். அவ்வளவு தூரம் வந்தவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எப்போதும் போலக் கன்னத்தைத் தடவ வந்தவர், பாதியில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“கிட்ட வராத கண்ணு. கையெல்லாம் மொளகா. உன்ர கண்ணுல பட்டா எரியும்.”

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். கெடுதல் செய்தவர் இன்னார் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அம்மனுக்குத் தெரியும். பூசிய மிளகாயின் எரிச்சலைக் கொண்டுபோய் அவள் உரிய இடத்தில் சேர்த்துவிடுவாள். மாமா அந்தப் பூச்சியைக் கொண்டுவந்த ஆளுக்காக மிளகாய் அரைத்துவிட்டு, அதே கை என் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பயந்து நின்றார்.

வீட்டுக்கு வாங்க மாமா என்றேன். இன்னொரு நாளைக்கு வாரேன் கண்ணு என்றார். நான்தான் மாமா என்று சொல்ல வாய்வரை வந்தது. பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அச்சுகள் அத்தனையையும் வெந்நீர் அடுப்பில் திணித்தேன். ஆறு கொய்யா இலை அச்சுகளும் முதலில் எரிந்தன. பிறகு அடுப்படிக்குப் போய், மாமாவைப் பார்த்ததையும் அவர் கையில் மிளகாய் இருந்ததையும் அம்மாவிடம் சொன்னேன். அதை மட்டும் ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

நான் எரிச்சலுக்காகக் காத்திருந்தேன். தினமும் கண்ணைக் கழுவிக்கொண்டேன். கடைசியில் உதட்டுக்குள் ஒரு புண் வந்தது, நாலு நாளில் ஆறியது. அம்மன் சின்னப் பிள்ளை என்று பார்த்து இத்தோடு விட்டுவிட்டாள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அம்மாவுக்குத்தான் வயிற்றெரிச்சல் வந்தது. சாப்பாட்டில் மிளகாயை நிறுத்தினாள். தயிர்ச்சோறு, மோர்ச்சோறு என்று அவளுக்கு மட்டும் தனித் தட்டு. டாக்டர் குடல்புண் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். அட்டை அட்டையாக அது அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும். நான் திட்டுவேன். “இதுக்கெல்லாம் மாத்திரை கேக்காது கண்ணு” என்பாள்.

மாமாவின் மரங்களில் காய்ப்பு விழுந்துகொண்டே போயிற்று. இரண்டு வருடத்தில் வெட்டிச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மில்லில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். நான் பெரியவளானபோது தாய்மாமன் சீருக்கு அவர் வரவில்லை. போட்டிருந்த நாற்காலி காலியாகவே இருந்தது. அம்மா அதை எடுக்கவும் விடவில்லை, வேறு யாரையும் அதில் உட்காரவும் விடவில்லை. போன வருடம் மாமா மாரடைப்பில் போய்விட்டார். இருபது வயதுப் பெண்ணுக்கு அதற்குள் ஒரு வார்த்தை சொல்ல எத்தனையோ நாள் இருந்தது. நான் சொல்லவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து திரும்பும்போது, பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு அம்மா சொன்னாள்: “அண்ணன் மரத்தக் கெடுத்தவ நாந்தான் கண்ணு. அந்த நோம்பிக்கு ஒரு தேங்கா கொண்டுபோனேன். வெறுங்கையோட போக மனசு வரல. சேலைக்குள்ள சுத்தி வெச்சு, கோயல்ல ஒடச்சுப்போட்டேன். அண்ணங்கிட்ட இல்லைன்னு சத்தியமும் பண்ணிப்போட்டேன். அதுதான் இத்தன வருசமா எரியுது.”

மட்டை உரித்த தேங்காய். கோயில் கல்லில் உடைத்து, பிரசாதமாகத் தின்று தீர்த்த தேங்காய். அதில் எந்த ஈ தங்கும்?

அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். டிபன் பாக்ஸ், ஈரத்துணி, ஆறு இலை, பறந்து போன ஈக்கள். அம்மா முழுதும் கேட்டாள். பிறகு என் கன்னத்தைத் தடவி, “பெத்தவளுக்காக இப்படிப் பழியத் தூக்கித் தலைல போட்டுக்காத கண்ணு” என்றாள்.

நான் விடவில்லை. மாமன் மகனுக்குப் போன் போட்டு, அம்மாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். இப்போது ஒன்பதாவது படிக்கிறான். கிணற்றடியில் நாம் இலையை அச்சடித்தோமே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “தெரியலீங்க்கா” என்றான். காட்டுவதற்கு என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. எனக்கு எதிரான சாட்சி என்று நான் அடுப்பில் போட்டது, அம்மாவை விடுவிக்க இருந்த ஒரே சாட்சி.

இப்போது திருப்பூரில் ஒரு கம்பெனியில், குழந்தைகள் பனியனுக்கு இலையும் வண்டும் வரைந்து கொடுக்கிறேன். லீவுக்கு வரும்போதெல்லாம் அம்மாவிடம் அந்தக் கதையைத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அவளுக்கு என்மேல் பாசம்தான் கூடுகிறது.

என் பள்ளிக்கூட நாட்களில் அம்மா அமாவாசைக்கு அமாவாசை மாசாணியம்மன் கோயிலுக்குப் போவாள். துணைக்கு நானும் போவேன். வரிசை நீளமாக இருக்கும். அவள் வயிற்றைப் பிடித்தபடி வெயிலில் நிற்பாள். நான் வெளியே அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு, குச்சி ஐஸ் தின்றுகொண்டிருப்பேன். அண்ணன் திரும்பப் பேச வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அவள் மன்னிப்புக் கேட்க நின்றாள் என்றும், நான் நிற்க வேண்டிய வரிசையில் நின்றாள் என்றும் அப்போது எனக்குத் தெரியாது.