புனிதரின் தேய்ந்த கால்விரல்கள்

ஜெர்மனியின் எசன் நகரத்தில் இருந்து இந்த மலையடிக் கிராமத்துக்கு நாங்கள் வந்தது என் ஹோட்டல் சமையலறை வேலைக்காக. இங்கே வீடுகளின் வெளிச்சுவரெல்லாம் படம். மாதா, மான், கலியாண ஊர்வலம் என்று வரைந்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் வாடகைக்கு எடுத்த கீழ்வீட்டின் வாசலோரம் புனித புளோரியன், எரியும் வீடொன்றுக்கு வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறார். நெருப்பிலிருந்து காப்பவர். பிறந்த ஊரில் தன் வீடு எரிந்ததைக் கண்ணால் கண்டவள் என் மனைவி. படத்தைக் கண்டதும், "இந்த வீடுதான். வேற பாக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

மேல்மாடியில் வீட்டுக்காரி, வயதானவள், தனியாள். முதல் வருடம் சிரித்த முகம். ஒரு பனிக்காலம் முடிந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. வாசலில் குனிந்து சுவரைப் பார்ப்பாள், போனில் படம் எடுப்பாள், என்னைக் கண்டால் வணக்கம் சொல்லிவிட்டு விறுவிறென்று மேலே ஏறிவிடுவாள். இந்த ஊரில் வீட்டை உல்லாசப் பயணிகளுக்கு விட்டால்தான் வருமானம். எங்களை வீட்டை விட்டு எழுப்பினால் வேறு வீடு கிடைக்காது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், என் வேலை எல்லாம் போகும்.

"எங்களை எழுப்பக் காரணம் தேடுறா," என்றேன் மனைவியிடம்.

"உங்களுக்கு எல்லாரும் கள்ளர்தான். வடிவான படமெண்டு எடுக்கிறா."

"தன்ர வீட்டைத் தானே படம் எடுக்க அவ என்ன ரூரிஸ்ற்றோ?"

செபமாலை சொல்லும்போதும் என் காது மேல்மாடியில்தான் இருந்தது. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்தால் வாசலில் வீட்டுக்காரியும் ஓர் ஓவியரும். அவள் புளோரியனின் வலது காலைக் காட்டினாள். விரல்கள் இல்லை, சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. மழையோ பனியோ இப்படிச் செய்யாது, கை பட்டுத் தேய்ந்தது என்றார் ஓவியர். யாருடைய கை என்று அவள் என்னைப் பார்த்தாள். வழியில் போகிறவர்கள் என்று நான் வாயெடுக்குமுன், என் மனைவி எட்டி அந்தக் காலைத் தொட்டு, விரலை முத்தமிட்டுக் காட்டினாள். ஊரில் கோயிலில் புனிதரின் சுரூபத்துக்குச் செய்கிற மாதிரி, போகும்போதும் வரும்போதும் செய்திருக்கிறாள்.

பார்த்துச் செபித்தால் போதாதா என்று கேட்டாள் வீட்டுக்காரி. மனைவிக்கு ஜெர்மன் குறைவு. நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

"காணாது, போதாதெண்டு சொல்லுங்கோ. கால் அங்க இருக்கேக்க சும்மா தாண்டிப்போக ஏலாது. என்ர வீடு எரிஞ்சதையும் சொல்லுங்கோ."

மன்னிப்புக் கேட்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

"நான் இவ்வளவு நீட்டாச் சொன்னன். நீங்கள் ரெண்டு சொல்லில முடிச்சுப்போட்டியள்!"

வீட்டுக்காரிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அவள் சொன்னது அதுமட்டும் இல்லையே என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "இங்கேயே இருங்கள். ஆனால் தொடக்கூடாது. இன்னொரு தடவை தேய்ந்தால் பேச்சு வேறு" என்றாள்.

ஓவியர் புது விரல்கள் வரைந்துவிட்டுப் போனார். மனைவி இப்போது கையைச் சுவருக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி, காற்றைத் தொட்டு முத்தமிடுகிறாள். கை சுவரில் படுகிறதோ, இல்லையோ என்று குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பது நான்தான்.