துபாய் போனும் பழவங்காடிச் சந்தனமும்

ஆரியசாலையில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறதே, கீழே கேமராவும் இன்வெர்ட்டரும் விற்கிற கடை, மேலே லாட்ஜ், அது நான் கட்டியது. இரண்டு மாடிக்கு மேல் யோசிக்காதே என்று சொன்ன இன்ஜினியரின் மகன் இன்று என் மூன்றாவது மாடியில்தான் ஆபீஸ் வைத்திருக்கிறான். பேரூர்க்கடை மேட்டில், பாறை என்று எல்லோரும் கைவிட்ட மனையில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவன் நான். இந்த ஊரில் எத்தனையோ அடுக்குமாடிகளில், வாசலில் நின்று பொத்தானை அழுத்தினால் ஐந்தாம் மாடியில் மணி அடிக்கிறது என்றால், அந்தக் கம்பியை இழுத்தது என் பையன்கள். இத்தனைக்கும் நான் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ், அப்பாவின் கடையில் மூட்டைகள்மேல் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர்களைக் கூட்டிக் கூட்டிப் படித்தது. விருதுநகர் என்பதுதான் நான் முதலில் படித்த தமிழ்ச் சொல்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒரு காரியத்தைப் பன்னிரண்டாவது வயதில் செய்து முடித்தேன். அதைத்தான் எழுத வந்தேன்.

அப்பாவுக்கு வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. போன் கீழே கடையில் இருந்தது. கறுப்பு நிறம், விரலை விட்டுச் சுற்றிச் சுற்றி எண் போடுவது. அம்மாவுக்கு அழைப்பு வந்தால் அப்பா உட்கார்ந்தபடியே மேலே பார்த்துக் குரல் கொடுப்பார். அம்மா கை ஈரத்தைத் துடைத்து, பதினாறு படி இறங்கி, மிளகாய் நெடியில் நாலு தும்மல் போட்டு, அலோ என்று சொல்லும்போது எதிர்முனையில் பொறுமை தீர்ந்து போனை வைத்துவிட்டிருப்பார்கள்.

இந்தக் கஷ்டத்தைத் தீர்க்கத்தான் என் தாய்மாமா துபாயிலிருந்து கம்பியில்லாத போனோடு வந்து இறங்கினார். மாமா அம்மாவுக்கு இளையவர். துபாயில் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தார். லீவில் வந்தவருக்கு மணக்காட்டில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெண்ணுக்கு மாமாவைப் பிடித்திருந்தது, மாமாவுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் ஓர் உறுதி தேவைப்பட்டது. அவர் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் எக்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; காதால் கேட்டால்தான் எதையும் நம்புவார். மாமா எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதைக் கம்பெனி போனில் சொல்லும் என்று மாமா சொல்லியிருந்தார். அந்த அழைப்பு வந்தால் நிச்சயதார்த்தம். வராவிட்டால் என்ன என்று யாரும் பேசவில்லை.

மாமா கத்தரியை எடுத்துப் பழைய போனின் வயரை வெட்டினார். அப்பாவின் முகம் தன் நரம்பை வெட்டியதுபோல ஆகிவிட்டது.

"அதுவும் ஓரத்துல கெடக்கட்டுமே மாப்ள."

"ரெண்டு போன் ஒரே வயர்ல கெடந்தா ஒண்ண ஒண்ணு தின்னும் அத்தான்," என்று சொல்லி, பழையதைத் துணியில் பொதிந்து பரணில் போட்டார்.

புதிய சாதனத்தில் இரண்டு பாகம். சுவரிலிருந்து வரும் வயரோடு கடையில் உட்கார்ந்திருக்கும் பெட்டி ஒன்று. கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கும் மொட்டை மாடிக்கும் நடக்கலாம் என்கிற போன் ஒன்று. அதன் தலையில் இழுத்தால் நீளும் ஏரியல். போனை அவ்வப்போது பெட்டியின்மேல் நிறுத்த வேண்டும். அப்போது சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறும்.

எல்லாம் பூட்டியாயிற்று. மாமா எண்களை அழுத்தினார். பீ, பூ என்று விசிலடித்ததே தவிர யாருக்கும் மணி போகவில்லை. விளக்கப் புத்தகம் ஆங்கிலத்திலும் அரபியிலும் ஜப்பான் மொழியிலும் இருந்தது. மாமா மூன்றையும் ஒரே வேகத்தில் வாசித்தார். ஒரு மணி நேரம் போயிற்று. நான் தரையில் படுத்துப் பெட்டியின் அடிவயிற்றைப் பார்த்தேன். கடுகளவு சுவிட்ச் ஒன்று, இந்தப் பக்கம் ஓர் எழுத்து, அந்தப் பக்கம் ஓர் எழுத்து. நகத்தால் அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். அடுத்த முறை அழுத்தியபோது விசில் இல்லை, பழைய போன் சுற்றியது போலவே டக்டக்டக் என்று சத்தம்.

"இவன் கண்டுபிடிக்கானான்னு பாத்தேன்," என்றார் மாமா.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் அழைப்பு அப்பா எதிர்க்கடை மல்லி வியாபாரிக்குப் போட்டார். இடையில் ஒரு தெருதான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

"கேக்குதா வே?"

"நல்லாக் கேக்குது. போனு இல்லாமலே கேக்குது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. கரண்டிலோ பெட்ரோலிலோ ஓடுகிற எது புதிதாக வீட்டுக்கு வந்தாலும் பழவங்காடிப் பிள்ளையார் பார்க்காமல் ஓடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஸ்கூட்டர் போயிருக்கிறது, மிக்சி போயிருக்கிறது. போனும் போயிற்று. மாமா ஏரியலை முழுக்க இழுத்துவிட்டுச் சாலைக் கடைத்தெரு வழியாக நடந்தார். இரண்டு இடத்தில் நின்று, அதில் துபாயோடு பேசவும் செய்தார். பெட்டியை விட்டு நூறடி தாண்டினால் அது வெறும் பிளாஸ்டிக் என்பது எனக்கு அன்று தெரியாது. மாமாவுக்குத் தெரியும்.

சன்னதியில் அர்ச்சகர் போற்றி, வாகனப் பூஜைக்கு உள்ள முறைப்படிதான் செய்ய வந்தார். எலுமிச்சம்பழம் வைக்க முன்பக்கம் எது என்று தேடினார்.

"இதின்றெ முன்பாகம் ஏதா?"

மாமா பேசுகிற பக்கத்தைக் காட்டினார். அம்மா, தலைக்கு மட்டும் போதாது, நிற்கிற காலுக்கும் வேண்டும் என்று சொன்னாள். போற்றி இரண்டு இடத்திலும் தாராளமாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார்.

சனிக்கிழமை காலையில் போன் செத்துக் கிடந்தது.

மணி அடிக்க வேண்டியது அந்தக் கைப்போன்தான். அது செத்ததும் கடையே ஊமையாகிவிட்டது. கொல்லத்து வியாபாரி ஒருவர் பஸ் ஏறி வந்து, நீர் உயிரோடு இருக்கிறீரா என்று பார்க்கத்தான் வந்தேன் என்று அப்பாவிடம் சொன்னார். மாமா தினம் ஒரு காரணம் கண்டுபிடித்தார். முதல் நாள் கடல்காற்று. இரண்டாம் நாள் மிளகாய்ப் பொடி. மூன்றாம் நாள், துபாய்க் கரண்டில் பழகிய சாதனத்துக்கு இங்குள்ள கரண்டு ருசிக்கவில்லை. பழைய போனை எடு என்று அப்பா சொல்லும்போதெல்லாம், நாளைக்கு அத்தான், நாளைக்கு என்றார்.

பெண்ணின் அப்பாவான மணக்காட்டுக்காரர் தினமும் மாலை காப்பி நேரத்துக்கு வந்துவிடுவார்; மாமாவுக்கு அவர் மாமா.

"கால் வந்துதா தம்பி?"

"எப்பிடி மாமா வரும்? சாதனம் கெடக்குத கெடப்பப் பாருங்க."

அவர் சுவர்வரைக்கும் வயரைத் தடவிப் பார்த்து, லைன் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லுவார். வயர் இல்லாத பாகம் தன் இலாகா இல்லை என்றும் சொல்லுவார். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்குப் புறப்படும்போது நான் போனைத் திருப்பிப் பார்த்தேன். காலில், சார்ஜ் ஏறுகிற இரண்டு பித்தளைப் பொட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் காய்ந்து ஓடுபோல இருந்தது. அம்மாவின் ஊக்கால் சுரண்டினேன். பெட்டியில் நிறுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜினியரிங் காலேஜில் படித்தவன் செய்கிற வேலை அது. மாலையில் எல்லோரும் கூடியிருக்கும்போது சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டு போனேன்.

மாலையில் விளக்கு எரியவில்லை. திருப்பிப் பார்த்தால், காலில் சந்தனம். காய்ந்தது அல்ல, ஈரமானது. நடுவில் குங்குமமும் உண்டு. அம்மாவிடம் கேட்டேன். தொடவே இல்லை என்றாள். புதன்கிழமை மறுபடியும் சுரண்டினேன். மாலையில் மறுபடியும் ஈரச் சந்தனம். வியாழனும் அப்படியே.

பிள்ளையார்தான் வந்து பூசுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏதோ குற்றம் நடந்திருக்கிறது, அவருக்குப் போன் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகாமல், சமையலறையில் இருந்த தேங்காயை எடுத்துக்கொண்டு பழவங்காடிக்கு ஓடினேன். ஒரே வீச்சு, தேங்காய் தூள் தூளாய்ச் சிதறியது. மாமாவுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும், இனி நீர் எங்கள் கடைக்கு வர வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் போனின் காலைத் துடைத்துப் பெட்டியில் நிறுத்தினேன். எதிரே ஒரு மிளகாய் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தேன். பிள்ளையாரே வந்தாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பிள்ளையார் வரவில்லை. மாமா மூன்று தடவை வந்தார்.

"லே மக்கா, நீ போய் விளையாடு. நான் பாத்துக்கிடுதேன்."

"வேண்டாம் மாமா."

"சோறு தின்னியா? போய்த் தின்னுட்டு வா."

"இங்கயே கொண்டு வரச் சொல்லியாச்சு."

மூன்றாம் தடவை போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வாரமாய்த் தூங்காத முகம். எனக்கு இரக்கம் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் மாமா, எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னேன்.

மாலையில் மணக்காட்டுக்காரர் வந்ததும் நான் போனை எடுத்து அவர் காதில் வைத்தேன். அந்த மனிதருடைய முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. உர்ர் என்ற அந்தச் சத்தத்தைப் பாட்டு கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டு கேட்டார்.

"உயிர் வந்தாச்சே! பின்னே எதுக்குத் தம்பி அவனுவ கூப்பிடட்டும்னு இருக்கணும்? நாம கூப்பிடுவோம்."

மாமா வாய் திறப்பதற்குள் அவர் எக்சேஞ்ச் எண்ணை அழுத்திவிட்டார். எக்சேஞ்சில் எல்லோரும் அவரிடம் வேலை பழகியவர்கள்; எடுத்த பெண்ணிடம், நான்தான் என்று மலையாளத்தில் ஆரம்பித்தார்.

"மோளே, ஞானா. ஒரு துபாய் வேணம், வேகம். நம்பர் இப்போ பறயாம்." பிறகு மாமாவிடம், "கம்பெனி நம்பரச் சொல்லும்."

"மாமா, அத வையுங்க."

"ஏன்?"

"அங்க எடுக்க ஆள் இல்ல." மாமா தரையைப் பார்த்துச் சொன்னார். "கம்பெனி பூட்டி நாலு மாசம் ஆச்சு. நான் லீவுல வரல்ல. எல்லாரையும் அனுப்பிட்டான்."

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். காப்பியோடு வந்த அம்மா படியிலேயே உட்கார்ந்தாள். மணக்காட்டுக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அதிலேயே சொன்னார்:

"கேன்சல், மோளே. ஆள் இவிடெத்தன்னெ உண்டு."

ஆள் இங்கேயேதான் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத யாரு பூட்டினது?"

"நான்தான்," என்றார் மாமா.

"இதுல விசிலடிக்கும், எக்சேஞ்சு கேக்காது. எங்க தெருவுல ஏழு வீட்டுல இந்தச் சாதனம் துணி மூடிக் கெடக்கு. ஏழு பேரும் எங்கிட்ட வந்து கேட்டானுவ, எனக்குத் தெரியல. நீர் அத எப்பிடிச் சரியாக்கினீரு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா படியிலிருந்து இறங்கி வந்து, என் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அடியில ஒரு சுவிச்சு உண்டு மாமா," என்றார் என் மாமா. "அத மாத்தினாப் போதும்."

"நாளைக்கு வந்து ஏழு வீட்டுலயும் மாத்திக் காட்டும். பெறகு பேசுவோம்," என்று சொல்லி அவர் காப்பியைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் மாமா என்னையும் கூட்டிப் போனார். ஏழு வீட்டிலும் தரையில் படுத்து நகத்தால் தள்ளியது நான். நின்றுகொண்டு விளக்கம் சொன்னது மாமா. ஏழாவது வீட்டு வாசலில், என் மாமியாகப் போகிறவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். அடுத்த வருடம் ஆரியசாலையில் மாமாவின் போன் ரிப்பேர் கடை. பள்ளியை விட்டதும் நான் தொழில் படித்தது அங்கேதான்.

சந்தனம் பூசியது பிள்ளையார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு நானே தொழிலுக்கு வந்து, ஒரு வீட்டில் இன்றைக்கு முடித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, முடியாமல், அவர்கள் கூப்பிடக் கூப்பிட என் போனின் வயரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் எனக்கு விளங்கியது. அந்த வாரம் முழுக்க மாமா அழைப்புக்காகக் காத்திருக்கவில்லை. உண்மையைச் சொல்லத் தைரியம் வருவதற்கு இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று சந்தனத்தால் நாளை நீட்டிக்கொண்டிருந்தார். நான் ஓர் ஊக்கை வைத்துக்கொண்டு அந்த நாட்களைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மாமாவுக்கு எழுபது நிறைந்தது. பிள்ளைகள் பளபளப்புத் தாளில் சிறப்பு மலர் அச்சடித்தார்கள். கம்பியில்லாத போனை இந்த ஊரில் முதலில் பழக்கியவர், அதுவும் தன்னந்தனியாக, என்று போட்டிருக்கிறது. என் பெயர் பந்தி விசாரித்தவர்கள் பட்டியலில் இருக்கிறது. சந்தனம் பூசியது யார் என்று மாமா இதுவரை தன் வாயால் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் சுவிட்சைத் தள்ளியது யார், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றது யார், இந்த இரண்டும் அச்சில் வர வேண்டும். மலர் இன்னும் நூறு பிரதி அடிக்கப் போகிறார்களாம். அதில் தன்னந்தனியாக என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மருமகனோடு என்று போடட்டும்.