ஹீட்டரடியில் பூத்த செர்ரி

என் மனுசன் பேனாட் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அங்கே எவ்வளவு பெரிய பெட்டியையும் உச்சித்தட்டில் பிசகாமல் வைப்பாராம். வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் சுவர் வெடிக்கும்.

மகள் ஷாமிலாவுக்கு மே மாதம் மாதா கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு. வெள்ளைச் சட்டையோடு பிள்ளையைச் சொந்த முற்றத்துச் செர்ரிப் பூவின் கீழ் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று போன வருடமே முடிவு செய்துவிட்டார். வைலேயிலிருந்து டோஸ்ட்ருப் வரை எல்லாச் சொந்தத்துக்கும் சொல்லியும் விட்டார். மரம்தான் இன்னும் வாங்கவில்லை.

நாற்றுக்கடையில் அவர் கண் போனது கன்சான் என்ற இனத்தின் மேல். குடைபோல விரிந்து, அடர்ந்த ரோசா நிறத்தில் பூக்குமாம்.

"இஞ்சாருங்கோ, உது வளர்ந்தால் நாங்கள் றோட்டிலதான் உடுப்புக் காயப்போட வேணும்," என்றேன்.

கடைக்காரப் பெண் அன்னா வேறொன்றைக் காட்டினார். பெயர் அமனொகாவா. கொடிக்கம்பம்போல நேரே மேலே போகும், சின்ன முற்றத்துக்கு அதுதான் சரி என்றார். குளிர் அதை ஒன்றும் செய்யாது, தண்ணீர் தேங்கினால்தான் வேர் அழுகும் என்றும் சொன்னார். பேனாட் குளிரைப்பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார். காரில் ஏறியதும் என்னிடம் சொன்னார்:

"இந்த டெனிஷ் ஆக்களின்ர கதையை நம்பேலாது. கைக்குழந்தையையே குளிருக்க வண்டிலோட வெளியில விட்டு நித்திரையாக்கிறவை."

அதனால் வாங்கி வந்த அமனொகாவா நிலத்துக்குப் போகவில்லை, சாடியிலேயே நின்றது. ஜனவரியில் கடும் குளிர் வரப்போகிறது என்று செய்தியில் சொன்னதும் அதை வீட்டுக்குள் இழுத்து வந்து, கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில், ஹீட்டரடியில் வைத்தார்.

"அப்ப சோபாவை எங்க வைக்கிறது?"

"சோபா குளிரில சாகாது."

பெப்ரவரியில் ஒருநாள் காலை எழும்பி வந்தால், மரம் முழுக்கப் பூ. பேனாட் மட்டும் செத்தவீட்டு முகத்தோடு அதன் கீழே இருந்தார்.

"இது வருசத்துக்கு ஒருக்காத்தான் பூக்கும். மேயில வெறும் இலைதான் நிக்கும். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

"ஆர் உங்களைச் சொல்லச் சொன்னது?"

ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சமைக்க முடியவில்லை. பூ உதிர முன் படத்தை எடுத்துவிடலாம் என்று அன்றைக்கே போய் வெள்ளைச் சட்டை வாங்கி வந்தேன். உறுதிபூசுதலுக்கு முன்னமே அதைப் போட்டுக்கொண்டு நிற்பதா? "நய், ஃபா" என்று ஷாமிலா தகப்பனுக்கு டெனிஷில் மறுத்தாள்.

"மேக்கிடையில நீ வளர்ந்திடுவாய். அப்ப வேற சட்டை வாங்கித் தாறன்," என்றேன்.

இரண்டாவது சட்டை என்றதும் அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது. "ஓம் அம்மா."

டிவி படத்தில் விழாமல் இருக்க, பேனாட் நிலத்தில் குப்புறப் படுத்து எடுத்தார். பூவுக்குப் பின்னால் யன்னலில் பனி கொட்டியது. பொய் சொல்லக் கூடாது, படம் நன்றாகத்தான் வந்தது.

மே மாத விருந்தில் அதைப் பெரிதாக்கி வாசலிலே வைத்தார். எந்த ஸ்டூடியோ என்று கேட்காத ஆளில்லை. "வீட்டிலதான், ஹீட்டரடியில பூத்த மரம்," என்று அவர் சொல்லச் சொல்ல, என் சிநேகிதி செலீனா பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, வாற வருசம் என்ர மூத்தவளுக்கு. மரத்தை உள்ளுக்கு எடுக்கேக்க ஒரு போன் அடியுங்கோ, நாங்கள் எல்லாரும் வாறம்."

"ஓம், ஓம், கட்டாயம் வாங்கோ," என்றார் இவர். செலீனாவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தாய்மார் காத்து நின்றார்கள்.

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போனதும் முற்றத்தில் குழி வெட்டி மரத்தை நட்டுவிட்டேன். பின்னேரம் வந்து பார்த்தவர், "மாரியில குளிருமே," என்றார்.

"குளிரட்டும்," என்றேன்.